கொழந்தைவேலுக்கு அடிச்ச காத்து

எங்க கரடிப்பாறைல இருந்து அடிவாரத்துக்கு எறங்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு தார் ரோடு, அது மலைய அங்கிட்டும் இங்கிட்டும் சுத்திச் சுத்தி, பஸ்ல வாந்தியே எடுக்காத ஆளையும் எடுக்க வச்சுத்தான் கீழ கொண்டுபோயி விடும். இன்னொண்ணு குதிரைப் பாதை. பேருதான் குதிரை, அதுல காப்பிக்கொட்டையும் மலைவாழையும் சுமந்துட்டுப் போனது பூராம் கோவேறு கழுதைக. கழுதைப் பாதைன்னு சொன்னா வெளியூர்க்காரன் சிரிப்பான்னு எங்க ஆளுக அதக் குதிரையாக்கிட்டாங்க. பாறையும் வேரும் மழை அறுத்த பள்ளமுமா அந்தப் பாதை விழுந்து விழுந்து எறங்கும். அதுல போன அம்புட்டுப் பேரும் கீழ போயிச் சேந்தாங்கன்னு சொல்ல முடியாது.

அப்படிப் போயி, ஆளும் வராம ஒடம்பும் கெடைக்காமப் போனா, எங்க ஊர்ல கல்லு வைப்போம். பாதை தொடங்குற எடத்துல வீட்டாளுக ஒரு கல்லக் கொண்டாந்து நட்டு, தண்ணி ஊத்தி, பேரச் சொல்லி, "போ"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும். சும்மா பக்கத்துக் கடைக்குப் போறவனுக்கே "போயிட்டு வா"ன்னு சொல்லிப் பழகுன வாயில அந்த ஒத்த வார்த்தை லேசுல வராது. ஆனா சொல்லித்தான் ஆகணும். அதச் சொல்லாத வீட்ல கல்யாணம் காட்சி எதுவும் வைக்கக் கூடாதுங்கிறது எங்க கட்டு.

வனராணி அதச் சொல்ல மாட்டேன்னுட்டா. அவ பால்வாடி டீச்சர். அவ புருசன் கொழந்தைவேலு, டவுன்ல இருந்து சைக்கிள் ஓட்ட வர்ற பசங்களுக்கு முன்னாடி போயி வழி காட்டுறவன். போன ஐப்பசி மழைல, பாதை எப்படி இருக்குன்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்றேன்னு தன் சைக்கிள எடுத்துட்டு எறங்குனவன்தான். ஃபாரஸ்ட்காரங்க தேடுனாங்க, எங்க ஆளுக கயிறு கட்டி எறங்கித் தேடுனாங்க, ஓடைல வெள்ளம் வடிஞ்சப்பறமும் ஒருக்காத் தேடுனாங்க, ஒரு செருப்பு கூட கெடைக்கல. அவ அன்னைல இருந்து சாயங்காலமானா ரெண்டு டம்ளர்ல காப்பி ஊத்தி வச்சு, ஒண்ணக் குடிச்சிட்டு ஒண்ண ஆற விட்டுட்டே இருந்தா. கொழந்தைவேலுவோட அண்ணன் போதுராசா பொண்ணுக்கு நிச்சயம் ஆகி, கல்லு வைக்காததுனால கல்யாணம் அப்படியே நின்னுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் எம்புட்டு நாளைக்குத்தான் பொறுப்பாங்க.

"அவரு இல்லைன்னு நானே பாதைல எறங்கிப் பாக்கணும் மச்சான்," அப்படின்னு போதுராசாகிட்டச் சொன்னா. "என் கண்ணால பாத்துட்டா அன்னைக்கே கல்லு வைப்போம். அதுவரைக்கும் என்னைய ஒண்ணும் கேக்காதீங்க."

சொன்ன கையோட எங்க கடைக்கு வந்தா. எங்க கடை சைக்கிள் கடை; பஞ்சர் ஒட்டிக்கிட்டுக் கெடந்தோம், டவுன் பசங்க வரத்து ஆரம்பிச்சப்பறம் எங்க வீட்டுக்காரரு தங்கமாயன் மலைச் சைக்கிளா வாங்கி நிறுத்தி வாடகைக்கும் விலைக்கும் விட்டாரு. நானும் கூட நின்னு கத்துக்கிட்டேன். வனராணிக்குச் சைக்கிள் புதுசில்ல, கொழந்தைவேலு அவளுக்கு நல்லாவே ஓட்டக் கத்துக் குடுத்திருந்தான், ஆனா அவளுக்குன்னு ஒண்ணு வாங்கினதில்ல.

மொதல்ல ஒண்ணக் காட்டுனோம், குழில குலுக்காம அமுங்கிக் குடுக்கிற ஷாக்கு முன்னாடி மட்டும் உள்ளது, எடை கம்மி, ஏத்தத்துல மிதிக்க லேசு. ஏறி ஓட்டிட்டு வந்து, ஏத்தத்துக்குச் சரி, எனக்கு எறக்கம்தான வேணும், பள்ளத்துல பின் சக்கரம் எத்துதுன்னா. ரெண்டாவது ஒண்ணு, முன்னாடியும் பின்னாடியும் ஷாக்கு, சக்கரம் பெருசு, பாறைமேல உருண்டு போயிரும். ஆனா அவ உசரத்துக்கு ஹேண்டில் எட்டத்துல நின்னுச்சு, எட்டிப் பிடிச்சா முதுகு வளையுது. சைக்கிள் எடுக்கிறது செருப்பு எடுக்கிற மாதிரிதான், அழகப் பாத்து எடுத்தா கடிச்சு வைக்கும். மூணாவதா ஒரு பச்சைக் கலரு வண்டி, அதுலயும் ரெண்டு பக்கமும் ஷாக்கு, சக்கரம் ஒரு சைஸ் சின்னது, காலத் தரைல ஊண்டி நின்னா நடுக் கம்பிக்கும் அவளுக்கும் எடவெளி சரியா இருக்கு, ரெண்டு வெரல்ல பிரேக் பிடிச்சா நிக்குது. சந்துல ஒரு சுத்து சுத்திட்டு வந்து, "இதுதான் அக்கா"ன்னா. முகத்துல ரொம்ப நாளைக்கப்பறம் ஒரு வெளிச்சம் பாத்தேன், எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு.

வாங்குனா மட்டும் போதாது, ஷாக்க ஆளுக்குத் தக்கன சரி பண்ணணும். அது ஒண்ணும் கம்ப சூத்திரம் இல்ல. ஷாக்குக்குள்ள இருக்கறது வெறும் காத்துதான். ஷாக்குக் கம்பில ஒரு சின்ன ரப்பர் வளையம் போட்டிருப்பான். போகும்போது என்னென்ன மாட்டிட்டுப் போவோமோ அம்புட்டையும், ஹெல்மெட்டு, பை, தண்ணி பாட்டில் எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு, ஆடாம அசையாம ஏறி உக்காந்து, மெதுவா எறங்கணும். உக்காந்த பாரத்துக்கு ஷாக்கு எம்புட்டு அமுங்குச்சோ அந்த வளையம் அங்கன நிக்கும். கால்வாசி நின்னாச் சரி. அதுக்கு மேல போனா காத்துப் பத்தல, பம்ப வச்சு அடிக்கணும். கொறைவா நின்னா காத்து ஜாஸ்தி, எறக்கணும்.

வனராணி எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு, சுவரப் பிடிச்சு ஏறி உக்காந்து எறங்குனா. முன்னாடி வளையம் கால்வாசிக்குக் கொஞ்சம் கூடப் போயி நின்னுச்சு. பின்னாடி வளையம் அடி வரைக்கும் போயிருச்சு.

"உக்காரும்போது குதிச்சியாத்தா?" எங்க வீட்டுக்காரரு கேட்டாரு.

"இல்லையே மாமா."

மறுபடி உக்காந்தா. மறுபடி அடி வரைக்கும். ஒட்டடக்குச்சி மாதிரி இருக்கிறவ, காத்தோட பறந்துருவா, அவ பாரத்துக்கு இது அமுங்க வழியே இல்ல. ஷாக்கு கோளாறுன்னு நெனச்சு என்னைய ஏறச் சொன்னாரு. நான் அவள மாதிரி ஒண்ணரை ஆளு, மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, நான் உக்காந்தா எம் பாரத்துக்கு எங்க நிக்கணுமோ அங்கதான் நின்னுச்சு. அவரு உக்காந்தாரு, சரியா நின்னுச்சு. திரும்ப வனராணி உக்காந்தா, பின் ஷாக்கு ஒரு தடவ அமுங்குச்சு, அப்பறம் யாரோ ஒருத்தர் கால வீசிப் போட்டு ஏறி உக்காந்த மாதிரி இன்னொரு தடவ அமுங்குச்சு.

மூணு பேரும் அதப் பாத்தோம். அப்பறம் எங்க வீட்டுக்காரரு துண்டால கையத் தொடச்சுக்கிட்டே, "கொழந்தைவேலு பின்னாடி உக்காந்திருக்கான்"னு, மழை வரும்போல இருக்குங்கிற மாதிரி சொன்னாரு.

வனராணிக்குக் கோவம் வந்துருச்சு. "என் வீட்டுக்காரரு பின்னாடி உக்காந்து போற ஆளா மாமா? என்னைக்காச்சும் பாத்திருக்கீங்களா? பைக்குலயும் சரி சைக்கிள்லயும் சரி, அவரு முன்னாடி, நான் பின்னாடி. பின்னாடி உக்காரச் சொன்னா நடந்தே வருவாரு. இது அவரு இல்ல."

அவ சொன்னதும் வாஸ்தவம்தான். ஆனா அவ அந்த வளையத்த விட்டுக் கண்ண எடுக்கல. அது அவன்னா அவன் உசுரோட இல்ல. அவன் இல்லைன்னா இவ யாரு, இவ ஊத்தி வச்ச அத்தனை காப்பியும் யாருக்கு? அந்த வளையம் எங்க நிக்குதுங்கிறதுல அவ பொழப்பு பூராம் நின்னுச்சு.

பொழுது சாயறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. எங்க ஊர்ல யாரும் இதுக்குன்னு வாயப் பொளக்கல, பேய் பிசாசுன்னு ஓடல. அவங்கவங்க வந்து வரிசைல நின்னு, நானும் ஒருக்கா உக்காந்து பாக்கேன்னாங்க. புருசனுக்குச் சடங்கெல்லாம் கொறவில்லாமச் செஞ்சு அனுப்புன சுந்தரத்தாயி ஏறி உக்காந்தா, வளையம் அவ பாரத்துக்குத்தான் நின்னுச்சு, அவளுக்குப் பொறுக்கல. "ஆயுசு பூராம் ஆக்கிப் போட்டேன், ஒரு வாட்டி வந்து உக்காந்தா என்ன தேஞ்சா போயிருவாரு"ன்னு முந்தானையால மூக்கச் சிந்திக்கிட்டே போனா. அதுலதான் எங்களுக்கு வெவரம் வெளங்குச்சு: போன்னு சொல்லி அனுப்புனவங்க யாரும் வந்து உக்கார்றதில்ல. சொல்லாம நிப்பாட்டி வச்சவன் மட்டும்தான் ஏறிக்கிறான்.

அப்பறம் இன்னொண்ணும் நடந்துச்சு. புள்ளைய வெளிநாட்டுக்கு அனுப்பிட்டுப் போன் வருமான்னு காத்திருக்கிறவங்க, வீட்ட விட்டு ஓடிப்போன மகனத் தேடிக்கிட்டிருக்கிறவங்க, கடைப் பக்கமே வராம எதிர்த்த ஓரமாப் போக ஆரம்பிச்சாங்க. நானும் அதுக்கப்பறம் அந்த வண்டில ஏறல. என் தம்பி கப்பல்ல இருக்கான், ரொம்ப நாளாப் பேசல. எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்.

மத்தபடி ஊரு ஒரு விருந்தாளிய ஏத்துக்கிட்ட மாதிரி ஏத்துக்கிருச்சு. வனராணி அந்தச் சைக்கிள்ல பால்வாடிக்குப் போனா, பின்னால வர்ற ஜீப்புக்காரன் ஆரன் அடிக்காம எடம் விட்டு வந்தான். புள்ளைக பின் சக்கரத்துக்குக் கிட்ட ஓடிவர மாட்டாங்க, அந்தப் பக்கம் குளுருதுன்னு சொன்னாங்க. டீக்கடைல அவ நின்னா கேக்காமயே ரெண்டு டீ வரும், அவ ஒண்ணுக்குத்தான் காசு குடுப்பா, கடைக்காரரும் ஒண்ணுக்குத்தான் வாங்குவாரு. போதுராசா மட்டும் தெனமும் வந்து, அவளப் பாக்காம, சீட்டுக்குப் பின்னால இருந்த வெத்து எடத்தப் பாத்துப் பேசுவான். "ஏண்டா தம்பி, பாப்பா கல்யாணம் நிக்குதுடா. இப்படி ஊமையா உக்காந்திருந்தா என்னடா அர்த்தம்? நீதான்னா ஒரு வார்த்தை சொல்லு." அந்தச் சைக்கிள்ல கேரியர்கூடக் கெடையாது. அவன் பேசப் பேச ஷாக்கு இன்னுங் கொஞ்சம் அமுங்குச்சுன்னு நான் சொன்னா நம்புவீங்களோ மாட்டீங்களோ, நான் பாத்தேன், தலையக் குனிஞ்சுக்கிட்டா ஆளு பாரம் முன்னால சாயுமே, அப்படி அமுங்குச்சு.

மழை விட்டு, பாதை காஞ்சு, எறங்குற நாளு வந்துச்சு. காலைல மொத ஆளா வனராணி வந்து நின்னா. முட்டிக்குக் கவசம், தலைல ஹெல்மெட்டு, பையில கயிறும் மருந்தும் சோத்துப் பொட்டலமும். ஷாக்குக்குக் காத்து எம்புட்டுன்னு பேச்சு வந்துச்சு. அவ, "என் பாரத்துக்கு மட்டும் வைங்க மாமா, நான் மட்டும்தான் போறேன்"னா.

போதுராசா ஒத்துக்கல. "தம்பி கூட வர்றான்ல. அவனுக்கும் சேத்து அடிங்க. அவன் பாரத்துக்கு அமுங்கி அடி தட்டுச்சுன்னா பள்ளத்துல ரெண்டு பேரும் விழுவாங்க."

கூடி நின்ன அம்புட்டுப் பேரும் அதான் சரின்னாங்க. எங்க வீட்டுக்காரருக்கும் அதான் சரின்னு பட்டுச்சு, ஏறுன பாரத்துக்குத்தான காத்து. அவரு பம்ப மாட்டி அடிச்சாரு, அவள உக்கார வச்சாரு, எறக்குனாரு, திரும்ப அடிச்சாரு. பின் வளையம் கால்வாசில வந்து நின்னுச்சு. ஷாக்கு ஓரத்துல ஒரு திருகு இருக்கும், ஒரு பக்கம் ஆமை படம், ஒரு பக்கம் முயல் படம், அமுங்குன ஷாக்கு எம்புட்டு வெரசா எந்திரிக்கணும்னு அதுல வைக்கணும்; அதையும் ரெண்டாள் பாரத்துக்கு வச்சாரு. ஒரு கொறை இல்லாமச் செஞ்சோம்.

ஆனா ஒண்ணு கேக்காம விட்டுட்டோம். எங்க மலைல ஜீப்புல ஏறுனா, டிரைவர் மொத வார்த்தையா "எங்க எறக்கம்?"னு கேப்பான். யாரு எங்க எறங்குவாங்கன்னு தெரிஞ்சாத்தான் மூட்டைய எங்க வைக்கணும், எந்தத் திருப்பத்துல வண்டி லேசாகும், எங்க நிதானிக்கணும்னு அவனுக்குத் தெரியும். ஊருக்கு வர்ற அதிகாரிய கூட கேப்போம், கல்யாணப் பொண்ணக் கூட கேப்போம். அன்னைக்கு அத்தனை பேரு நின்னோம், அத்தனை பேரும் ஜீப்புல ஏறி எறங்குனவங்கதான், ஒருத்தர் வாயிலயாச்சும் கொழந்தைவேலப் பாத்து அந்தக் கேள்வி வரல.

அவ எறங்குனா. பச்சை வண்டி வேருமேல வழுக்காமப் போச்சு, மொதப் பள்ளத்துல அமுங்கி எந்திரிச்சுது, அப்பறம் மரத்துக்குள்ள மறைஞ்சுபோச்சு. ஆளுக பின்னாலயே நடந்து எறங்குனாங்க, போதுராசா முன்னால ஓடுனான்.

அதுக்கப்பறம் நடந்தத அவ வாயால சொல்லி நான் கேட்டதுதான். பாறை, படி, பள்ளம் எதுவுமே தெரியலையாம், மடில வச்சுக் கொண்டுபோற மாதிரி இருந்துச்சாம். திருப்பம் வரும்போதெல்லாம் பின்னால பாரம் அவளுக்கு முந்தியே அந்தப் பக்கம் சாஞ்சுதாம். பாதை தெரிஞ்ச ஆளுதான் அப்படிச் சாயுவான். அப்பத்தான் அவளுக்கு உள்ளுக்குள்ள ஒடைஞ்சுபோச்சாம், இது அவருதான்னு. "பேசுங்களேன்"னு சொன்னாளாம். காட்டுல பூச்சி கத்துற சத்தம் கூட இல்லையாம்.

நாவல் மரத்துத் திருப்பத்துல, பாதை ஓடையப் பாத்து ஒடியிற எடத்துல, பின் ஷாக்கு தானா எந்திரிச்சுது. அவ பிரேக்கப் பிடிக்கல, எதுலயும் மோதல. கால வீசி ஒருத்தர் எறங்குனா பைக்கு பின்னாடி மேல வருமே, அப்படி வந்துச்சாம். அடுத்த பாறைல சக்கரம் ஏறுன ஒடனே, ரெண்டு பேருக்கு அடிச்ச காத்து ஒத்த ஆளத் தூக்கி வீசிருச்சு. அவ ஹேண்டில் மேல பறந்து, சரிவுல உருண்டு, உண்ணிப் புதருக்குள்ள போயி விழுந்தா. தேடுனப்ப நாங்க கயிறு கட்டி அந்தச் சரிவத் தாண்டித்தான் போனோம். வெளியில நின்னு பாத்தா அது வெறும் புதருதான். உள்ள விழுந்தவளுக்குத்தான் தெரிஞ்சுது, அங்க ஒரு சக்கரம் இருந்துச்சு.

போதுராசா போயிப் பாக்கும்போது, கையெல்லாம் முள்ளுக் கிழிச்சு ரத்தமா, அவ கொழந்தைவேலுவோட சைக்கிள் ஹேண்டிலப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாளாம். ஹேண்டில்ல செவப்பு டேப்பு, அவ சுத்திக் குடுத்தது. பக்கத்துல அவன் ஹெல்மெட்டு, நடுவுல பொளந்து. வேற ஒண்ணுமில்ல, அதுக்குக் கீழ ஓடைதான், ஐப்பசி வெள்ளம் மிச்சம் வைக்கல. "எறங்கிட்டாரு மச்சான்," அப்படின்னா. "சொல்லாமக் கொள்ளாம எறங்கிட்டாரு." மூத்த ஆளுன்னும் பாக்காம அவன் தோள்ல சாஞ்சு அழுதாளாம், அவனும் அழுதானாம்.

கல்லு வச்சோம். ஹெல்மெட்டக் கல்லுக்கு அடில பொதைச்சோம். தண்ணி ஊத்தி, பேரச் சொல்லி, கடைசி வார்த்தைக்கு எல்லாரும் அவளப் பாத்தாங்க. அவ வாயத் தொறந்தா, காத்துதான் வந்துச்சு. போதுராசா அவளுக்காகச் சொல்லி முடிச்சான். பாப்பா கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு, பந்தில வனராணிதான் பாயசம் பரிமாறுனா. ஆனா சாயங்காலத்துல ரெண்டு டம்ளரு ஊத்தி வைக்கிறது நிக்கலன்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. அந்தச் சைக்கிளத்தான் ஓட்டிக்கிட்டிருந்தா, கல்லு கணக்கா இருந்த அந்த ஷாக்கோட. ஒவ்வொரு குழிக்கும் எலும்பு வரைக்கும் அடி. காத்த எறக்கிரலாம்டின்னு சொன்னா, "இருக்கட்டும் அக்கா"ம்பா.

ஒருநா காலைல சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்தா. முழங்கை வீங்கியிருந்துச்சு. ஹெல்மெட்டு, பை எல்லாம் மாட்டிக்கிட்டு, ஏறி உக்காந்து, "பாருங்க அக்கா"ன்னா.

குனிஞ்சு பாத்தேன். பின் வளையம் அசையவே இல்ல.

"இன்னொருக்காப் பாருங்க."

இன்னொருக்காப் பாத்தேன். அவ உக்காந்தா, எறங்குனா, உக்காந்தா, எறங்குனா, வளையம் நின்ன எடத்துலயே நின்னுச்சு. "நீ மட்டும்தான்டி இருக்க"ன்னேன்.

அவ தலையாட்டுனா. "அவருக்கு அடிச்ச காத்த மட்டும் எறக்கிருங்க. எனக்கு அடிச்சது இருக்கட்டும்."

ஒரே குழாய்க்குள்ள இருக்கற காத்துல எது அவனுது, எது இவளுதுன்னு யாரு பிரிக்க? எங்க வீட்டுக்காரரு கைல எடுத்த பம்பக் கீழ வச்சிட்டு வெளிய போயி நின்னுக்கிட்டாரு. நான்தான் மூடியக் கழட்டி, வால்வுல நகத்த வச்சேன். காத்து மெதுவாப் போச்சு. தெருவுல போயிக்கிட்டிருந்தவங்க நின்னாங்க, தலைல துண்டு கட்டியிருந்தவங்க அவுத்துக் கைல பிடிச்சுக்கிட்டாங்க, எதிர்த்த டீக்கடைல பாய்லரக் கூட அணைச்சாங்க. யாரும் அவங்கள நிக்கச் சொல்லல. அந்தக் காத்து போன எடத்துல என் கை விறைச்சுப்போச்சு, குதிரைப் பாதைல ஓடைப் பக்கம் அடிக்குமே ஈர வாடை, அது கடை பூராம் அடிச்சுது.

வனராணி சீட்டுமேல கைய வச்சிருந்தா. சத்தம் நிக்கப் போற நேரத்துல, பக்கத்துல இருக்கவங்ககிட்டச் சொல்ற மாதிரி, "போங்க"ன்னு சொன்னா.

நான் நகத்த எடுத்தேன். ஏறி உக்காந்தா, எறங்குனா. வளையம் கால்வாசில நின்னுச்சு. ரெண்டு பேரும் அதப் பாத்தோம், ரெண்டு பேருக்கும் அழுகை வந்துச்சு, அழுதோம்.

மூஞ்சியத் தொடச்சிட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள பாதைல ஒரு எட்டுப் போயிட்டு வர்றேன்னு சைக்கிளத் திருப்புனா. இந்தத் தடவை நான் கேட்டேன்.

"எங்க எறக்கம்?"

"அடிவாரம் அக்கா," அப்படின்னா.

"போயிட்டு வா," அப்படின்னேன்.